பயமில்லாமல் நடக்கக் கேட்ட பாட்டு

பிரேசில் என்றால் நமக்கு உதைபந்தாட்டமும் மஞ்சள் ஜேர்சியும்தான் ஞாபகம் வரும். இன்று அந்த நாட்டின் இரண்டு பாடகர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். சிடின்யோ, டோக்கா என்று பெயர். இருவரும் றியோ டி ஜெனீரோவின் 'சிடாஜி டி டேயுஸ்' பகுதியைச் சேர்ந்தவர்கள். 'கடவுளின் நகரம்' என்று அர்த்தம். 2002இல் வந்த ஒரு திரைப்படத்தால் உலகமே அறிந்த பெயர்.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள 'ஃபவேலா' என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். அது உண்மையில் ஒரு முட்செடியின் பெயர். 1897இல் வடகிழக்கில் கனுடோஸ் யுத்தம் முடிந்து றியோவுக்கு வந்த சிப்பாய்கள், தருவதாகச் சொன்ன வீடு கிடைக்காமல் ஒரு குன்றில் குடிசை போட்டார்கள். யுத்தகளத்தில் அந்தச் செடி வளர்ந்திருந்த மலையின் பெயரையே குன்றுக்கும் வைத்தார்கள். 1888இல்தான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையான மக்களுக்கு ஒரு துண்டுக் காணியும் கொடுக்கப்படவில்லை. அவர்களில் பலரும் குன்றுகளில்தான் ஒதுங்கினார்கள். பின்னர் அப்படியான குடியிருப்புகள் எல்லாமே ஃபவேலா ஆகின.

சிடாஜி டி டேயுஸ் குன்றில் இல்லை. 1960களில் வசதியானவர்களின் பகுதிகளுக்கு அருகில் இருந்த ஃபவேலாக்களை அகற்றிய அரசாங்கம், அந்த மக்களை நகரின் மேற்கே தூரத்தில் கொண்டுபோய் இறக்கிய குடியேற்றம் அது. 1966 வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் கட்டி முடியாத வீடுகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். தொழில் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். பிறகு போதைப்பொருள் கும்பல்களும் பொலிஸாரும் அங்கே மோதிக்கொண்டார்கள்.

அங்கே 'ஃபங்க்' என்பது அமெரிக்காவின் பழைய ஃபங்க் அல்ல. மயாமியிலிருந்து வந்த தாளத்துக்கு ஃபவேலா இளைஞர்கள் போர்த்துக்கேய மொழியில் பாடியது. 1992இல் கடற்கரையில் இளைஞர் கூட்டங்கள் கலவரம் செய்ததைத் தொலைக்காட்சி காட்டியதோடு, ஃபங்க் கேட்பவன் என்றாலே காடையன் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சூழலில், 1990களின் நடுப்பகுதியில், சிடின்யோவும் டோக்காவும் பாடியதுதான் 'மகிழ்ச்சியின் ராப்'. எழுதியவர்கள் வேறு இருவர். நாடெங்கும் கொண்டுபோனது இவர்களின் குரல். காசு பணம் கேட்கும் பாட்டில்லை. பிறந்த இடத்தில் நிம்மதியாக நடமாட விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு சிறிய ஒன்றையா கேட்க வேண்டியிருந்தது என்று நாம் யோசித்துப் போனோம்.

இதே இருவர் துப்பாக்கிகளின் பெயர்களை அடுக்கும் ஒரு பாட்டையும் பாடியிருக்கிறார்கள். 2007இல் ஒரு பொலிஸ் திரைப்படத்தில் அது வந்து, பின்னர் ஐரோப்பாவின் நடன அரங்குகளிலும் ஒலித்தது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நமக்கு அது சங்கடம்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் இரண்டு பாட்டும் ஒரே தெருவிலிருந்து வந்தவை. துப்பாக்கிச் சத்தத்தில் கண் விழிக்கும் பிள்ளை எதைப் பாடும்?

அரசாங்கம் தெருவைத் திருத்துவதை விட்டுப் பாட்டைத் திருத்தப் பார்த்தது. 2000இல் ஃபங்க் நடன நிகழ்ச்சிகளைப் பொலிஸ் கண்காணிப்பில் வைக்கும் சட்டம் றியோ மாநிலத்தில் வந்தது. 2008இல் இன்னும் இறுக்கமான சட்டம். அதைக் கொண்டுவந்தவர் முன்னாள் பொலிஸ் தலைவர். ஊழல் வழக்கில் சிக்கி அதே ஆண்டில் பதவி இழந்தார். பாடகர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து போராடி 2009இல் அந்தச் சட்டத்தை நீக்க வைத்தார்கள். ஃபங்க் ஒரு பண்பாட்டு இயக்கம், அதன் விடயங்களைக் கலாசாரத் துறையே முதலில் கையாள வேண்டும் என்று புதிய சட்டம் சொன்னது.

அது றியோவில். பத்து ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 1ஆம் திகதி, சாவோ பாவுலோவின் பராய்ஸோபொலிஸ் ஃபவேலாவில் நடந்த ஃபங்க் நடன நிகழ்ச்சிக்குள் பொலிஸார் புகுந்தபோது ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஆக இளையவருக்கு வயது 14.