மதுரையும் அலெக்சாந்திரியாவும்



மதுரை கடற்கரை நகரமன்று. வைகைக் கரையில், வயல் சூழ்ந்த சமவெளியில் அமைந்த உள்நாட்டு நகரம். ஆயினும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்னும் நிலநூலறிஞர், 'மோதூரா' எனும் இந்நகரைப் பாண்டியரின் தலைநகராகத் தம் நூலில் குறித்துள்ளார். கடலைக் காணாத நகரின் பெயர் கடல் கடந்தது எவ்வாறு?

முதலில் அலெக்சாந்திரியாவின் நில அமைப்பை நோக்குவோம். கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவிய அந்நகரின் வடக்கே மத்தியதரைக் கடல். தெற்கே மரியோத்திஸ் ஏரி. எதிரே இருந்த ஃபாரோஸ் தீவைக் கரையோடு ஒரு நீண்ட அணைகரை இணைத்தது. அதன் இருபுறமும் இரு துறைமுகங்கள் உருவாயின. நைல் ஆற்றின் முகத்துவாரங்களுக்கு மேற்கே நகரம் இருந்தமையால், கிழக்கு நோக்கி ஓடும் கடல் நீரோட்டம் வண்டலை அப்பால் கொண்டு சென்றது. துறைமுகமும் தூர்ந்துபோகாமல் நிலைத்தது.

அங்கிருந்து சரக்குகள் நைல் வழியே கோப்டோஸ் நகர் வரை படகில் சென்றன; பின்பு ஒட்டகங்களின் முதுகில் பாலைவனம் கடந்து, செங்கடல் துறையாகிய பெரெனிகேயை அடைந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் பன்னிரண்டு நாட்கள் ஆயின என்று பிளினி கூறுகிறார். கோடையில் புறப்பட்ட கலங்களைத் தென்மேற்குப் பருவக்காற்று தமிழகத்துக்குச் செலுத்திற்று. வடகிழக்குக் காற்று அவற்றைத் திருப்பி அனுப்பிற்று. பொன்னும் மதுவும் வந்தன. மிளகும் முத்தும் சென்றன.

இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. பெரெனிகேயில் 1999-இல் ஓர் இந்தியத் தாழியில் சுமார் ஏழரை கிலோகிராம் மிளகு கிடைத்தது. செங்கடலின் மற்றொரு துறையில், கணன், சாதன் எனும் தமிழ்ப் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பண்டமட்டுமன்று, நம் மக்களும் அங்குச் சென்றனர் என்று அவை உணர்த்துகின்றன.

இங்கேயோ, வைகை கடலோடு கலக்குமிடத்தருகே அழகன்குளம் என்னும் ஊர் உள்ளது. 1986 முதல் பல முறை நிகழ்ந்த அகழாய்வுகளில் உரோமானிய நாணயங்களும், மதுச்சாடிகளின் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அங்கே வெளிப்பட்டன. மதுரைக்குத் தென்கிழக்கே, அதே ஆற்றின் கரையோரமாகிய கீழடியில் 2014-இல் தொடங்கிய அகழாய்வு, செங்கல் கட்டடங்களையும் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் காட்டியது. தலைநகரையும் கடல் வாயிலையும் இணைத்தது வைகையே என்பது இவற்றால் புலனாகிறது.

அலெக்சாந்திரியா இன்றும் பெருந்துறைமுகம்; அழகன்குளமோ சிற்றூர். வருசநாட்டு மலையில் தோன்றும் வைகை, ஏரிகளுக்கும் கண்மாய்களுக்கும் நீரீந்து, பெரும்பாலும் கடலை எட்டாமலே வற்றிவிடுகிறது. ஆயினும் ஆற்றங்கரை மண்ணில் நம் வரலாறு இன்னும் புதைந்து கிடக்கிறது. மண்ணைக் கண்டபடி வெட்டி எடுத்தால், படிக்கப்படாத ஏடுகளை நாமே கிழித்தவர்களாவோம். உழவில் கிடைக்கும் ஓர் ஓட்டுத் துண்டும் ஒரு சான்றே. கிடைத்த இடத்தைக் குறித்து அறிந்தோரிடம் சேர்ப்பது மாணவர் கடமையாகும்.