ஜான் நியூட்டனின் நாற்பது வருஷம்

மனமாற்றம் என்பது ஒரே இரவில் நடந்துவிடும் காரியம் என்று நினைக்கிறோம். கதை எழுதுகிறவர்களுக்கு அது மிகவும் சௌகரியம். கடைசி அத்தியாயத்துக்கு முந்திய அத்தியாயத்தில் கதாநாயகனைத் திருத்திவிடலாம்! சரித்திரம் அவ்வளவு சீக்கிரம் ஆளை விடுவதில்லை.

ஜான் நியூட்டன் 1725-ம் வருஷம் லண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல் தலைவர். பக்தி மிகுந்த தாயார், மகனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் கண்ணை மூடிவிட்டார். கடலிலே வளர்ந்த பிள்ளை முரடனானான். வாயைத் திறந்தால் தெய்வ நிந்தனை. போர்க் கப்பலிலிருந்து ஓடிப்போய், பிடிபட்டுக் கசையடி பட்டான். பிறகு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்து, பசியும் காய்ச்சலுமாகக் கிடந்தான். அப்போது விலங்கு பூட்டிய அடிமைகள்தாம் தங்கள் அரை வயிற்றுச் சோற்றில் ரகசியமாகப் பங்கு கொடுத்தார்கள். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1748-ம் வருஷம் மார்ச் மாதம், ஊர் திரும்பும் வழியில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் புயல். கப்பல் பிளந்து தண்ணீர் புகுந்தது. ஏற்றியிருந்த தேன்மெழுகும் இலேசான மரமும்தான் அதை மிதக்க வைத்தன. நிந்தனையே பேசிய வாய், தன்னையறியாமல் ஆண்டவனின் இரக்கத்தைக் கேட்டது. அந்த நாளை நியூட்டன் கடைசிவரையில் வருஷந்தோறும் கொண்டாடினார்.

பிரசங்கம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1750 முதல் 1754 வரையில் இதே நியூட்டன் அடிமைக் கப்பலுக்குத் தலைவராக மூன்று முறை போய்வந்தார்! மேல் தளத்தில் ஞாயிறுதோறும் மாலுமிகளோடு ஜெபம். கீழே விலங்கிட்ட மனிதர்கள். மனைவி மேரிக்கு உருக்கமான கடிதங்கள். 1752-ல் கலகச் சதி என்று சந்தேகித்துச் சில சிறுவர்களின் கட்டைவிரல்களை இடுக்கியில் மாட்டியதை அவரே தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். கடலை விட்டதும் மனச்சாட்சியினால் அல்ல. 1754-ல் திடீரென்று மயங்கி விழுந்ததனால்தான்.

வேஷதாரி என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. வீட்டை விட்டுப்போன மகனைத் தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கட்டிக்கொள்ளும் தகப்பனைப் பற்றி ஏசுநாதர் சொன்ன கதை தெரியுமல்லவா? அந்த அன்பில் அதட்டல் இல்லை. அதனாலேயே அதற்கு நாளும் அதிகம் பிடிக்கிறது. நியூட்டனிடம் முதலில் நாக்கு திருந்தியது. வியாபாரம் கடைசியில்தான் திருந்தியது.

1764-ல் ஓல்னி என்ற சிற்றூரில் பாதிரியார் ஆனார். உலகமெங்கும் பாடும் 'அமேசிங் கிரேஸ்' அங்கே 1773-ம் வருஷப் பிறப்புக்காக எழுதியது. அப்போதும் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஊரறிய ஒரு வார்த்தை பேசவில்லை. 1785-ல், பார்லிமெண்டு அங்கத்தினரான வில்பர்போர்ஸ் என்ற இளைஞர் லண்டனில் அவரை ரகசியமாகத் தேடி வந்தார். உள்ளே நுழையத் துணிவில்லாமல் தெருவைச் சுற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டினாராம். அரசியலை விட்டுவிடாதே என்று சொல்லியனுப்பினார் கிழவர்.

1788-ல், புயலடித்து நாற்பது வருஷம் கழித்து, அடிமை வியாபாரத்தைப் பற்றி நியூட்டன் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தாம் கண்டதும் செய்ததும் அதில் இருந்தன. இந்த ஒப்புதல் காலங்கடந்து வருகிறது என்று அவரே எழுதினார். பிறகு பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்பும் சாட்சி சொன்னார். அந்த வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. டிசம்பரில் அவர் காலமானார்.

கல்லறை வாசகத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாக இருந்தவன் என்று அதில் இருக்கிறது. கப்பல் தலைவன் என்ற வார்த்தையைக் காணோம்.