பக்கத்துக் கட்டிலுக்குக் கேளாத குரல்

யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் என்றால் ஆறுமுக நாவலரோடு பைபிளைத் தமிழாக்கிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார்தான் நினைவுக்கு வருவார். நான் சொல்லவந்தவர் தோமஸ் பேர்சிவல். 1740 இல் பிறந்து மான்செஸ்ரரில் வைத்தியம் பார்த்தவர்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தொற்றுக்காய்ச்சல் காலத்தில் வைத்தியர்களுக்குள் பெரும் பிணக்கு வந்தது. அதன்பின், 1792 இல், ஒழுங்குவிதிகளை எழுதித் தரும்படி நிர்வாகம் அவரைக் கேட்டது. எழுதியதைப் பலரிடம் காட்டித் திருத்தி, 1803 இல் மருத்துவ ஒழுக்கம் பற்றிய நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். நூலில் பெரும்பகுதி வைத்தியர்கள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறை பற்றியது. கடும் நோயை நோயாளியிடம் மறைக்கவும் அவர் இடம் வைத்தார். அதை இன்று ஏற்க முடியாது. ஆனால் ஒரு விதிக்காக அவரைக் கும்பிடலாம்: பெரிய வார்டில் நோயை விசாரிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கேளாத குரலில் விசாரிக்கவேண்டும். வசதியானவர்களை வைத்தியர் வீட்டுக்கே போய்ப் பார்த்த காலம் அது. வார்டில் கிடந்தவர்கள் ஏழைகள். அவர்களுக்கும் மானம் உண்டு என்று எழுதிவைத்தார்.

1847 இல் பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் ஒழுக்கக் கோவையைப் பெரும்பாலும் அவர் நூலிலிருந்தே எடுத்தது. இரகசியம் காப்பதும் அதில் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அந்தக் கோவையை அவர் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்தது வேறு: மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், இரணவைத்தியம் முதலான நூல்களைத் தமிழில் தந்தார். மெல்லக் கேட்டாலும் விளங்காத மொழியில் கேட்டால் நோயாளி என்ன பதில் சொல்வார்?

யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் போன்ற ஊரில், பக்கத்தில் இருப்பவருக்குக் கேளாமல் விசாரிக்கும் அந்த விதி இன்னும் அவசியம். கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் நிற்பவர் மாமி முறையாக இருப்பார். "மாதவிலக்கு ஒழுங்கா வருதோ?" என்று உரத்துக் கேட்டால் வாங்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். சந்தையில் தேங்காய் விற்பவருக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை என்று கேள்விப்பட்டால் நாளைக்கு அவரிடம் யார் வாங்குவார்? அந்தப் பயத்தில் மருந்தெடுக்கவே போகாமல் இருந்துவிடுவார்.

"பிள்ளை, கிட்ட வந்து இருங்கோ" என்று சொல்லிக் குரலைத் தாழ்த்தும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனதை மட்டும் நம்பி இதை விடக்கூடாது. காத்திருப்போரின் கதிரைகளைக் கதவுக்கு வெளியே தள்ளிப்போடவேண்டும். ஒவ்வொருவராக உள்ளே விடவேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.