ஓடுவோர் சப்பாத்தும் ஆலோசனை சொன்னோரும்

ஓட்டப் பயிற்சி தொடங்கும் ஒருவர் முதன்முதலிற் கேட்கும் கேள்வி, எவ்வளவு தூரம் ஓடுவது என்பதன்று. எந்தச் சப்பாத்தை வாங்குவது என்பதே. இக்கேள்விக்கு விடை கூற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார். முன்னரே ஓடிப் பழகிய நண்பர் வேறொன்று சொல்வார். விளம்பரம் இரண்டுக்கும் மாறான மூன்றாவது ஒன்றைச் சொல்லும். இவர்களுள் எவரை நம்புவது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு மைல் ஓடுபவரின் பாதங்கள் ஏறக்குறைய 1,500 தடவை நிலத்தை மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகின்றது. பிழையான ஆலோசனைக்குப் பணப்பை மாத்திரமன்று, முழங்காலும் குதிக்காலும் விலை கொடுக்கின்றன. ஆதலின், இந்த ஆலோசனை எவ்வாறு பிறந்தது, எவரெவர் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சப்பாத்து என்னும் சொல்லே போத்துக்கேயர் இந்நாட்டில் விட்டுச் சென்ற சொல். ஓடும் சப்பாத்தின் உயிராகிய இறப்பருக்கும் இந்நாட்டுக்கும் உறவுண்டு. வெயிலில் இளகிக் குளிரில் வெடித்துப் போகும் பாலாகவே இறப்பர் நெடுங்காலம் இருந்தது. 1839ஆம் ஆண்டு அமெரிக்கரான சார்ள்ஸ் குட்யியர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே பெறுவதைக் கண்டார். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் அமேசன் காட்டிலிருந்து கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்ற விதைகளில் முளைத்த நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின. அக்காலத்திலேயே இங்கிலாந்தில், கன்வஸ் துணியும் இறப்பர் அடியும் பொருந்திய மலிவான சப்பாத்துக்குப் பிளிம்சோல் என்று பெயர் வழங்கலாயிற்று. துணியும் இறப்பரும் கூடுமிடத்தில் ஓடும் கோடு, கப்பல்களின் பார வரம்பைக் காட்டும் கோட்டை நினைவூட்டியமையே காரணம். அக்கோட்டுக்காகப் பாராளுமன்றத்திற் போராடியவர் சாமுவேல் பிளிம்சோல் என்பார். மாலுமிகளின் உயிர் காத்த பெருமகனின் பெயர் பள்ளிப் பிள்ளைகளின் காலிற் போய்ச் சேர்ந்தது விந்தையே.

தொடக்கத்தில், சப்பாத்துச் செய்தவரும் ஆலோசனை சொன்னவரும் ஒருவராகவே இருந்தனர். இங்கிலாந்தின் போல்ற்றன் நகரில் 1890களில் யோசப் உவில்லியம் பொஸ்ரர் என்பார் ஆணி பதித்த ஓட்டச் சப்பாத்துகளைச் செய்யத் தொடங்கினார். அவர் தாமும் ஓடுபவர்; தம் காலுக்கு வேண்டியதைத் தாமே செய்து பார்த்தவர். அவருடைய பேரர்கள் 1958இல் நிறுவியதே ரீபொக் என்னும் தொழில். ஜேர்மனியின் ஹெர்சோகெனௌராக் என்னும் சிற்றூரில் அடோல்வ் தாஸ்லரும் இவ்வாறே வீரர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விழாவில் யெசி ஓவன்சு அணிந்து ஓடியவை தாஸ்லர் சகோதரர் பட்டறையில் உருவானவையே. பின்னர் அண்ணன் தம்பி பகைத்தனர். 1948இல் ஒருவர் பூமா என்றும், 1949இல் மற்றவர் அடிடாஸ் என்றும் தனித்தனியே தொழில் அமைத்தனர். ஊரும் இரண்டுபட்டது. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் காலைக் குனிந்து பார்க்கும் வழக்கத்தால் அவ்வூரைக் குனிந்த கழுத்தினரின் ஊர் என்று பிறர் நகைப்பதுண்டு. ஆலோசனையில் வணிகம் எவ்வளவு கலக்கும் என்பதற்கு அவ்வூரே போதிய சான்று.

ஆணிச் சப்பாத்து குறுந்தூரம் விரைந்தோடுவோருக்கு உரியது. கல்வீதியில் இருபத்தாறு மைல் ஓடும் மரதன் வீரர் யாது செய்வது? 1960 செப்டெம்பர் 10ஆம் நாள், ரோமாபுரியின் வீதிகளில் எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வெற்றி பெற்றார். அங்குக் கிடைத்த புதிய சப்பாத்து அவர் பாதத்துக்கு இசையவில்லை; வெறுங்காலோட்டமோ அவருக்குப் பழகியது. மறு ஆண்டில் அவர் யப்பானில் ஓட வந்தபோது, கோபே நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளரான கிகாசிரோ ஒனிட்சுக்கா அவரைக் கண்டு, வீதியிற் கிடக்கும் கூரிய பொருள்களை எடுத்துக் கூறித் தம் சப்பாத்தை அணியுமாறு வேண்டினார் என்பது ஒனிட்சுக்கா தரப்பினர் சொல்லும் வரலாறு. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிக்கிலா சப்பாத்தணிந்து, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றார். குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்து சில வாரங்களே கழிந்திருந்தன. வெறுங்காலே சிறந்தது என்போர் ரோமாபுரியை எடுத்துக் காட்டுவர்; சப்பாத்தே வேண்டும் என்போர் டோக்கியோவை எடுத்துக் காட்டுவர். வென்றது பிக்கிலாவின் நெஞ்சுரமும் பயிற்சியும் என்பதை இரு திறத்தாரும் மறந்துவிடுவர்.

உலகில் வேறெங்குங் காண்டற்கரிய ஓர் ஆலோசகர் அக்காலத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் வாழ்ந்தார். ஆதர் லிடியார்ட் என்பது அவர் பெயர். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து, ஓய்வு நேரத்தில் அயலிலுள்ள இளைஞரை ஓடப் பழக்கியவர். அவரிடம் பயின்ற பீற்றர் சினெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ரோமாபுரியில் ஒரே நாளிற் பொற்பதக்கம் பெற்றனர். காலின் இயல்பும் தோலின் இயல்பும் ஓட்டத்தின் இயல்பும் ஒருவர் அறிவிற் சேர்ந்திருப்பது எளிதில் வாய்ப்பதன்று. சாதாரண மக்களும், இதய நோய் கண்டவர்களுங்கூட, மெல்ல மெல்ல ஓடலாம் என்று துணிந்து காட்டியவரும் அவரே.

அவரைக் காணச் சென்றவர்களுள் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன் ஒருவர். 1962ஆம் ஆண்டின் முடிவில் அங்குச் சென்ற பவர்மன், தம்மினும் வயதில் மூத்த, மாரடைப்புக் கண்டு தேறிய ஒருவரோடு ஓட முயன்று பின்தங்கிவிட்டார். நாடு திரும்பிய அவர் அயலவரைக் கூட்டி மெல்லோட்டம் பழக்கினார். சப்பாத்தும் செய்தார், சப்பாத்து ஓர் அவுன்சு குறைந்தால் முழு ஓட்டத்திற் சுமக்கும் பாரம் எவ்வளவு குறையும் என்பதே அவருடைய ஓயாத கணக்கு. 1965இல் அவருடைய மாணவர் கெனி மூர் பாதவெலும்பு முறிந்து வந்தார். அவர் ஓடி வந்த யப்பானியச் சப்பாத்தைப் பவர்மன் கத்தியால் பிளந்து பார்த்தார். குதிக்காலிலும் முன்பாதத்திலும் மெத்தை இருந்தது. நடுவே தாங்குதல் இல்லை. உண்மை யாதெனில், அது ஓடுவோருக்கானதன்று, உயரம் பாய்வோருக்கானது! அதனை அணிந்து ஓடியமையால் ஓரெலும்பு முறிந்தது. அம்முறிவிலிருந்து பிறந்த புதிய அமைப்பே பின்பு கோட்டெஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிற்று. ஆண்டுக்கணக்காக அடைத்த அறையிற் பசையின் ஆவியைச் சுவாசித்தமையால் பவர்மனின் நரம்புகள் கெட்டு, அவரே காலை இழுத்து நடக்க நேர்ந்தது என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும்.

இனிக் கடைக்கு வருவோம். பயிற்றுநர் வாய்க்காத பெரும்பாலார்க்குக் கடைச் சிப்பந்தியே ஆலோசகர். அவருக்குக் கிடைத்த நல்ல கருவி, 1920களில் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரத்துச் சப்பாத்துக் கடைக்காரரின் மகன் சார்ள்ஸ் பிரானொக் அமைத்த உலோக அளவுகோல். பாதத்தின் நீளம், அகலம், குதிக்காலிலிருந்து பெருவிரலடிப் புடைப்பு வரையுள்ள தூரம் ஆகிய மூன்றையும் அது அளக்கும். மூன்றாவதே முக்கியமானது, சப்பாத்து மடியுமிடமும் கால் மடியுமிடமும் ஒன்றாதல் வேண்டுமன்றோ? அதே காலத்திற் கடைகளிற் புகுந்த தீய கருவி எக்ஸ்-கதிர்ப் பெட்டி. பிள்ளை அதனுட் காலை நுழைத்து நிற்க, பிள்ளையும் தாயும் சிப்பந்தியும் மூன்று துவாரங்கள் வழியே சப்பாத்தினுள் விரலெலும்புகள் அசைவதைப் பார்ப்பர். விஞ்ஞானமே கண்முன் நின்று சாட்சி சொல்வது போன்ற தோற்றம்! வளரும் எலும்புகளிற் கதிர் வீழ்வதை எவரும் எண்ணவில்லை. நாள்முழுதும் அருகே நின்ற சிப்பந்தியை எண்ணியவரும் இலர். மருத்துவர்களின் எச்சரிக்கைகளுக்குப் பின், 1957இல் பென்சில்வேனியா மாநிலம் அதனைத் தடை செய்தது. அப்பெட்டி காட்டியதை விரலால் அழுத்திப் பார்த்தே அறிந்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

1972இல் மியூனிக் ஒலிம்பிக் மரதனில் பிராங் சோட்டர் வென்றபின் அமெரிக்காவில் ஓட்டம் ஒரு பெருவழக்காயிற்று. கடைகள் சப்பாத்துகளால் நிறைந்தன, வாங்குவோர் மயங்கினர். அப்போது பத்திரிகை ஆலோசகராயிற்று. 1966இல் இளைஞர் ஒருவர் தொடங்கிய சிற்றிதழ், ரன்னர்ஸ் வேர்ல்ட் என்று வளர்ந்து, சப்பாத்துகளுக்கு முதலாவது இரண்டாவது என்று தரம் வகுத்தது. 1976இல் அது நியூ பலன்ஸ் நிறுவனத்தின் 320 என்னும் சப்பாத்தை முதலிடத்தில் வைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆறே பேரோடு நாளொன்றுக்கு முப்பது சோடி செய்துவந்த அத்தொழிலகம் ஒரே மூச்சிற் பெருநிறுவனமாயிற்று. ஒருவருக்கு முதலாவது மற்றவருக்கும் முதலாவது ஆகுமா? அகன்ற பாதமும் ஒடுங்கிய பாதமும் ஒரே பட்டியலுக்குள் அடங்குமா? இதனை அந்நாளிற் கேட்டவர் சிலரே. நியூ பலன்ஸ் நிறுவனத்தின் உண்மையான தொண்டு அந்த முதலிடமன்று. ஓடும் சப்பாத்தைப் பல அகலங்களிற் செய்து கொடுத்ததே என்பது என் துணிபு.

பத்திரிகைக்குப் பின் வந்தது பாதச் சுவட்டுக் கோட்பாடு. நனைந்த காலைத் தாளில் வைத்துச் சுவட்டைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி முழுதும் பதிந்தால் தட்டைப் பாதம். அது உட்புறமாகச் சரியும். ஆதலால் உட்பக்கம் கடினமான சப்பாத்து வேண்டும். நடுப்பகுதி பதியாவிடில் உயர்ந்த வளைவு; அதற்கு மென்மையான சப்பாத்து. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்கான கோட்பாடு! முப்பது ஆண்டுகள் கடைகளும் மருத்துவர்களும் இதனையே ஓதினர். அமெரிக்கப் படையினர் இதனைச் சோதித்தனர். தரைப்படை, விமானப்படை, கடற்காலாட்படை ஆகிய மூன்றிலும் புதிதாய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சுவட்டின்படியும், மற்றவர்க்குச் சுவட்டைப் பாராமல் ஒரே வகையாகவும் சப்பாத்து வழங்கினர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முடிவுகளின்படி, காயங்கள் இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரரை ஓராண்டு கவனித்த ஆராய்ச்சியும், பாதம் உட்சரிவதால் மாத்திரம் காயம் மிகுவதில்லை என்று 2014இல் கூறிற்று. நியாயம் கருதி மறுதரப்பையும் சொல்லவேண்டும்: 2016இல் லக்சம்பேர்க் ஆராய்ச்சியாளர், 372 பேரிடம் நடத்திய சோதனையில், பாதம் மிகவும் உட்சரிவோருக்கு உட்பக்கம் கடினமான சப்பாத்தால் நன்மை விளைந்ததாகக் கண்டனர். கோட்பாடு முற்றும் பொய்யென்று சொல்வதற்கில்லை. எல்லார்க்கும் பொருந்தும் மந்திரமாக அதனை விற்றமையே பிழை.

2009இல் மறுதலையான அலையொன்று எழுந்தது. சப்பாத்தே கேடு, வெறுங்காலே இயற்கை என்ற கருத்து நூல்களால் பரவ, ஐந்து விரல்களும் தனித்தனியே புகும் கையுறை போன்ற சப்பாத்து விற்பனைக்குப் பெருகியது. ஆண்டுக்கணக்காகத் தடித்த அடியோடு ஓடிய பலர் ஒரே நாளில் மாறிப் பாதவெலும்பை நோகவைத்துக் கொண்டனர். உடல்நலம் பற்றி நிறுவப்படாத உறுதிகளை விளம்பரத்திற் கூறியதாகத் தொடரப்பட்ட வழக்கை, அதனைச் செய்த விப்ரம் நிறுவனம் 2014இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

இத்தனை ஆலோசகரையும் கடந்து, கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் என்னும் அறிஞர் வந்து சேர்ந்த இடம் மிக எளியது. 2001இல் அவரும் துணைவரும் படைவீரர் பலருக்கு ஆறு வகை உள்ளடிகளைக் கொடுத்து, தமக்குச் சுகமானதைத் தாமே தெரியச் சொன்னார்கள். வீரர்கள் வெவ்வேறு உள்ளடிகளைத் தெரிந்தனர். அவ்வாறு தெரிந்தவர்க்குக் காயம் குறைந்தது. 2015இல் அவர் இதனை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்: எந்தச் சப்பாத்தில் உடல் தனக்கியல்பான வழியில் தடையின்றி அசைகின்றதோ அதனையே சுகம் என்று கால் உணர்கின்றது. இக்கோட்பாடும் முற்றாக நிறுவப்பட்டதன்று. ஆயினும் கடைக்காரரிடமிருந்து கேள்வியை எடுத்து ஓடுபவரின் காலிடமே அது கொடுக்கின்றது.

அக்கேள்வியைக் காலிடம் கேட்கும் முறையையும் கூறிவிடலாம். பாதம் பகல் முழுதும் சற்று வீங்குவதால் மாலையிற் கடைக்குச் செல்வது நன்று. ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து, இருந்தபடியன்றி நின்றபடி இரு கால்களையும் அளப்பித்தல் வேண்டும். ஏனெனில் பெரும்பாலார்க்கு இரண்டும் ஒத்திரா. நீண்ட காலுக்கே வாங்குக. நெடுவிரலுக்கு முன் ஒரு பெருவிரலகலம் இடமிருத்தல் நலம், குதிக்கால் வழுக்கலாகாது. பெட்டியிலுள்ள எண்ணை நம்பவேண்டா. ஆங்கில அளவு, வாற்கோதுமை மணியின் நீளமாகிய மூன்றிலொரு அங்குலத்தாலும், ஐரோப்பிய அளவு சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்காலும் ஏறுகின்றன. அன்றியும் நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சு வேறுபடும். கடைக்குள் நாலடி நடந்து பார்த்தல் போதாது. வாசலுக்கு வெளியே சிறிது ஓடிப் பார்க்க இடங்கொடுக்கும் கடையே நல்ல கடை. "பழகப் பழகச் சரிவரும்" என்று சிப்பந்தி சொன்னால், அச்சோடியை அவரிடமே கொடுத்துவிட்டு அடுத்த சோடியைக் கேளுங்கள்.