கேட்டு எழுதியதும் கேட்காமல் எழுதியதும்: இசபெல் வில்கர்சனை வாசித்தல்

2020 ஆகஸ்டில் 'காஸ்ட்', அதாவது 'சாதி' என்ற தலைப்பிலேயே ஒரு நூல் அமெரிக்காவில் வெளியாகி அமோகமாக விற்றபோது நம் வட்டாரத்தில் பல பேருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். 'பார்த்தீர்களா, அவர்கள் ஊர் நிறவெறியையே சாதி என்கிறார்கள்' என்று நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். ஏதோ சான்றிதழ் வந்து சேர்ந்த மாதிரி. எனக்கு இந்தச் சந்தோஷத்தின் மேல் சந்தேகம் உண்டு. நூலின் மேல் உள்ள மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன். எழுதிய இசபெல் வில்கர்சன் நிருபராக இருந்து, நூலாசிரியராகி, பேராசிரியராகவும் ஆனவர். அவரது முதல் நூலையும் இரண்டாம் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது நமக்கென்று ஒரு கேள்வி அதிலிருந்து எழுகிறது.

வில்கர்சனின் அம்மா ஜார்ஜியாவிலிருந்தும் அப்பா வர்ஜீனியாவிலிருந்தும் வாஷிங்டனுக்கு வந்தவர்கள். இவர் கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் சேர்ந்து, அதன் சிகாகோ அலுவலகத் தலைவராக ஆனார். 1994இல் புலிட்சர் பரிசு. பத்திரிகைப் பிரிவில் அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான். பரிசு எதற்குக் கிடைத்தது என்பது முக்கியம். சிகாகோவின் தெற்குப் பகுதியில் தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பைச் சுமந்த பத்து வயதுப் பையன் ஒருவனைப் பற்றிய கட்டுரை. 1993 வெள்ளத்தைப் பற்றிய இரண்டு செய்திக் கட்டுரைகள். அவற்றில் ஒன்று, மிசௌரி மாநிலத்தின் ஹார்டின் என்ற சின்ன ஊரில் வெள்ளம் இடுகாட்டை அரித்துச் சவப்பெட்டிகளை அடித்துப் போனதைப் பற்றியது. பெரிய மனிதர்களின் பேட்டி எதுவும் இல்லை. ஒரு குழந்தை, ஒரு இடுகாடு, அவ்வளவுதான்.

அப்புறம் பதினைந்து வருஷம். 'தி வாம்த் ஆஃப் அதர் சன்ஸ்' 2010இல்தான் வந்தது. 'வேறு சூரியன்களின் வெம்மை' என்று சொல்லலாம். 1915இலிருந்து 1970வரை அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போன வரலாறு அது. இதற்காக 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி, கடைசியில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். பெருங்கதையாடலை மூன்று உடல்களுக்குள் இறக்கி வைத்தார் என்று நம் பாஷையில் சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பாஷையின் உதவி இந்த நூலுக்குத் தேவைப்படவில்லை.

ஐடா மே கிளாட்னி மிசிசிப்பியில் வாரச் சாகுபடிக் குடும்பத்துப் பெண். நாளைக்கு நூறு பவுண்டு பருத்தி எடுக்கவேண்டும். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய எழுபது காய், ஆக நூறு பவுண்டுக்கு ஏழாயிரம் காய் என்று வில்கர்சன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஐடா மே பருத்தி எடுப்பதில் கெட்டிக்காரி இல்லை என்பதையும் எழுதுகிறார். சுரண்டலைச் சொல்ல வந்த எழுத்தில் சுரண்டப்பட்டவள் வேலையில் மட்டம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நம் யதார்த்தவாத நாவல்களில் உழைப்பாளி எப்போதும் சூரனாகத்தான் இருக்கவேண்டும். கணவரின் உறவுக்காரர் ஒருவர் வான்கோழி திருடினார் என்று வெள்ளையர்கள் அவரைக் குற்றுயிராக அடித்துப் போட்டார்கள். காணாமல் போன வான்கோழிகள் பிறகு தாமாகவே திரும்பி வந்துவிட்டன. இனி இங்கே இருப்பதில்லை என்று அந்தக் குடும்பம் 1937இல் வடக்கே கிளம்பியது.

இரண்டாமவர் ஜார்ஜ் ஸ்டார்லிங். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் பழம் பறிப்பவர்களைச் சேர்த்துக் கூலி உயர்வு கேட்டார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்ததும் 1945இல் நியூயார்க்குக்குத் தப்பினார். அங்கே கிடைத்தது ரயிலில் பெட்டி தூக்கும் வேலை. தான் தப்பி வந்த அதே தெற்குக்கும் வடக்குக்கும் இடையில், தன்னைப் போலவே கிளம்பி வந்தவர்களின் மூட்டைகளை ஏற்றி இறக்கினார். மூன்றாமவர் ராபர்ட் ஃபாஸ்டர், அறுவை சிகிச்சை மருத்துவர். 1953இல் லூசியானாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தனியாகக் காரில் போகும்போது வழியில் விடுதிகள் அவருக்கு அறை தரவில்லை. அதே பாதையில் வில்கர்சனும் தன் அம்மா அப்பாவோடு ஓட்டிப் போய்ப் பார்த்தார். தூக்கம் கண்ணைச் சுழற்றியபோது அவர்களுக்கு அறை கிடைத்தது. ஃபாஸ்டருக்குக் கிடைக்காதது எது என்பதை அந்தத் தூக்கத்தின் வழியாக அவர் தெரிந்துகொள்கிறார். இதை ஆய்வுமுறை என்று எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ளுமோ என்னவோ.

எமரி, பிரின்ஸ்டன், பாஸ்டன் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தினார். தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் விருது கிடைத்தது, ஒபாமா கையால் மானுடவியல் பதக்கம் கிடைத்தது. அதெல்லாம் இருக்கட்டும்.

'சாதி' என்ற சொல் முதல் நூலிலேயே இருக்கிறது. தெற்கின் ஜிம் குரோ ஒழுங்கை அவர் அப்படித்தான் அழைத்தார். இரண்டாம் நூல் அந்தச் சொல்லையே பொருளாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கா, நாஜி ஜெர்மனி, இந்தியா ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே எலும்புக்கூடு இருப்பதாகவும், அதை எட்டுத் தூண்கள் தாங்குவதாகவும் வாதிடுகிறார். அகமணம் அவற்றில் ஒன்று. அதைக் கண்டுகொண்டதற்காகவே பாராட்டலாம். சிகாகோவில் தனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறார். பேட்டிக்கு முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கடை மேலாளரோ, 'நியூயார்க் டைம்ஸ்' நிருபருக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி, நிருபரையே நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டார். இப்படி அமெரிக்கா பற்றிய பக்கங்களில் எல்லாம் உயிர் இருக்கிறது.

இந்தியா என்று வரும்போது என்ன ஆகிறது? நாம் சந்திப்பவர்கள் பெரும்பாலும் கருத்தரங்குகளில் அவர் சந்தித்த படிப்பாளிகள். பூணூலைக் கழற்றிப்போட்ட பிராமணர் வருகிறார், தலித் அறிஞர் வருகிறார். உடல்மொழியை வைத்தே யார் மேல்சாதி என்று தன்னால் கண்டுபிடிக்க முடிந்ததாக எழுதுகிறார். கூர்மையான கவனிப்புதான். ஆனால் ஏழாயிரம் காயை எண்ணிய அந்த விரல்கள் இங்கே எதையும் எண்ணவில்லை. உச்சியும் அடியும் தெரிகின்றன, நடுப்படிகள் மங்கிப்போகின்றன. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இந்த நடுவைத்தானே? மேலே வணங்கிக் கீழே மிதிக்கும் ஏற்பாடு அது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததில் முன்னின்றவர்கள் பார்ப்பனரல்லாத நிலக்கிழார்கள். கேட்கப்பட்டது கூலி நெல். வெள்ளை-கறுப்பு என்ற இருமைக்குள் இதை எப்படி அடைப்பது?

அமெரிக்காவிலும் இதற்கு எதிர்வாதம் உண்டு, அது பழசு. ஆலிவர் காக்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் 1948இலேயே, இனவாதம் முதலாளியத்தோடு பிறந்தது, அதைச் சாதி என்று அழைத்தால் சுரண்டல் மறைந்துபோகும் என்று எழுதினார். நம் மார்க்சியத் தோழர்கள் உடனே கை தட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்கவேண்டும். இந்தியச் சாதி அசையாதது, கீழே இருப்பவர்களும் ஒப்புக்கொண்டு வாழ்வது என்பது காக்ஸின் அனுமானம். பூலேயையும் அயோத்திதாசரையும் தெரிந்த யாரும் இதை ஏற்கமாட்டார்கள். ஆக வில்கர்சன், காக்ஸ் இரண்டு பேருக்குமே தங்கள் சண்டைக்கு உறைந்துபோன ஒரு இந்தியா தேவைப்படுகிறது. ஒருவர் அதைக் கண்ணாடியாக வைத்துக்கொள்கிறார், மற்றவர் மறுதலையாக.

நமக்கும் அவர்களுக்கும் உறவு இல்லாமல் இல்லை. பூலே 1873இல் 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அனுப்பும் மனுவைப் பற்றி விசாரித்து அம்பேத்கர் 1946இல் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1959இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தன்னை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தியதும் முதலில் துணுக்குற்று, பிறகு அதை ஏற்றுக்கொண்டதை மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் பிரசங்கத்தில் சொன்னார். வில்கர்சனும் இதை எடுத்தாள்கிறார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ். இவையெல்லாம் போராடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப்போன தருணங்கள். அமைப்புகளை ஒப்பிட்டுத் தூண்களை எண்ணியதால் வந்தவை அல்ல. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ததற்குப் பின்னாலும் அப்படிப்பட்ட உழைப்பே இருந்தது. 'சாதி' என்ற சொல்லை அமெரிக்க வாசகர்களுக்குப் பழக்கியதில் இந்த நூலுக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மறுக்கவில்லை.

இரண்டாம் நூலில் எனக்குப் பிடித்த பகுதி அலிசன் டேவிஸ் பற்றியது. இந்தக் கறுப்பின மானுடவியலாளரும் அவர் மனைவியும், பர்லி கார்ட்னர் என்ற வெள்ளையரும் அவர் மனைவியும் 1930களில் மிசிசிப்பியின் நாட்செஸ் நகரத்தில் தங்கி ஆய்வு செய்தார்கள். 1941இல் வந்த 'டீப் சவுத்' அதன் விளைவு. அந்த ஊரில் நான்கு பேரும் சமமாக உட்கார்ந்து பேசமுடியாது. டேவிஸ், கார்ட்னருக்குக் கீழே வேலை பார்ப்பவர்போல நடந்துகொள்ளவேண்டியிருந்தது. குறிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் காரில் ஏறி ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டே பேசினார்கள். இந்த இடத்தில் வில்கர்சன் மறுபடியும் நிருபராகிவிடுகிறார்.

இதை வாசிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது ஆந்த்ரே பெத்தெயின் தஞ்சாவூர் ஆய்வு. 1960களின் தொடக்கத்தில், 'ஸ்ரீபுரம்' என்று அவர் பெயரிட்ட கிராமத்தில், அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே குடியிருந்துகொண்டு சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை. இந்தத் தடையைப் பற்றி அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். கிராமத்தில் அதிகாரம் பார்ப்பனர் கையிலிருந்து நழுவிப் பார்ப்பனரல்லாதார் கைக்குப் போவதை அவரது நூல் விரிவாகக் காட்டியது. சேரியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது அதில் குறைவு. நூல் வெளியானது 1965இல். கீழ்வெண்மணியும் அதே பழைய தஞ்சாவூர் மாவட்டம்தான்.