பேறும் பெற்றோரும்: மகப்பேற்றுச் சொற்களில் பால்

2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு திருநம்பி குழந்தை பெற்றார். பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவரே திருநம்பி. அவர்தம் துணைவர் திருநங்கை. பிறப்புச் சான்றிதழோ ஈன்றவரைத் தாய் என்றும், துணைவரைத் தந்தை என்றும் குறித்தது. இருவரையும் பெற்றோர் என்று மட்டும் பதிய வேண்டும் என அவர்கள் வழக்கிட்டனர். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அதற்கு இசைந்தது.

ஆங்கிலத்தில் இவ்வழக்காறு பெரும் பூசலாயிற்று. 2021இல் இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகள், திருநரைக் கருதிப் புதுச் சொற்களைப் பழஞ்சொற்களோடு சேர்த்து வழங்க முடிவு செய்தன. ‘தாய்’ நீக்கப்பட்டது என்றே பலரும் எண்ணிக்கொண்டனர். மறுதரப்பில், கார்லீன் கிரிபிள் முதலான ஆய்வாளர்கள் 2022இல் எழுதிய கட்டுரை, பெண், தாய் என்னும் சொற்களைக் கைவிட்டால் எழுத்தறிவு குறைந்தோர்க்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதார்க்கும் பொருள் விளங்காது என எச்சரித்தது. இவ்வச்சம் புறந்தள்ளத் தக்கதன்று.

தமிழின் நிலை வேறு. ‘மெட்டர்னிட்டி’ என்னும் சொல்லுக்குள் தாய் இருக்கிறாள். ‘மகப்பேறு’ என்பதற்குள் இருப்பது மகவே. பெற்றவர் யாரென அச்சொல் வினவுவதில்லை. தொல்காப்பியர் உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என மூன்று பால் வகுத்தார். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் வழக்கினால் வருவது, இலக்கண நெறியன்று என்றார். ஆயினும் ‘ஒருவர்’ என்னும் பெயரை இருபாற்கும் உரியதாக்கியவரும் அவரே. பின்னர் வழக்கே வென்றது. இன்று மருத்துவக் குறிப்பில் ‘ஈன்றாள்’ என எழுதுவார் உளரோ? பால் பற்றிய கருத்தினால் அன்று, மதிப்புக் கருதியே அர் ஈறு அவ்விடத்தைப் பிடித்தது.

பேறுகாலப் பணியாளர் பெயரும் இவ்வழியே நடந்தது. அகப்பாடல்களில் செவிலி வளர்ப்புத்தாய். தமிழ்நாட்டில் அவள் செவிலியர் ஆனாள். மலேசியாவில் நாம் தாதியர் என்கிறோம். இரண்டும் பெண்ணையே சுட்டிய சொற்கள். ஆடவர் அப்பணிக்கு வந்தபோது சொல்லை எவரும் மாற்றவில்லை. ஈறே அவர்களையும் ஏற்றுக்கொண்டது. ‘மருத்துவச்சி’க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

நம் அரசு மருந்தகங்களின் பெயர்ப்பலகை ‘இபு டான் அனாக்’ என்கிறது. தாயும் சேயும் என்பது பொருள். மலாயில் ‘டியா’ என்னும் ஒரே சொல் அவனையும் அவளையும் சுட்டும். ஆயினும் ‘இபு’ தாய்தான். கிள்ளானில் தோட்டத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஒரு மூதாட்டி, தம் மகளுக்குத் தமிழ்க் கையேட்டைப் படித்துக் காட்டுகையில் ‘கருப்பை உடையோர்’ என்றிருந்தால் திகைப்பார். ‘தாய்மார்களும் கருவுற்ற பிறரும்’ என்றால் திகையார். அறிவுரைப் பகுதிக்கு ‘நீங்கள்’ போதும். அதற்குப் பால் இல்லை.

படிவத்தில்தான் சிக்கல். ‘பெற்றவர்’ என எழுதலாமே எனச் சிலர் கூறுவர். பேச்சுவழக்கில் அது தந்தையையும் குறிக்குமாதலின், குருதிவகையும் மருந்தும் பதியும் அவ்விடத்துக்கு ‘ஈன்றவர்’ என்பதே பொருந்தும்.