பாட்டில் விருந்து, சேரியில் இழிவா? ஈசல் சொல்லும் வரலாறு

மழை விட்ட மாலையில் புற்று தேடிப் போகும் வழக்கம் வாலாஜாபேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்களுக்குப் புதிதல்ல. புற்றருகே குழி வெட்டி விளக்கு வைத்தால், வெளிச்சத்துக்கு வரும் ஈசல் குழியில் விழும். வாரிவந்து வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்தால் இறகு பறந்துவிடும். உப்பு, மிளகாய்த்தூள், பொரி, பொட்டுக்கடலை சேர்த்தால் தின்பண்டம் தயார். கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவு. இருளர் மக்களும், சேரி மக்களும், காடு கழனியை நம்பிய மற்ற உழைப்பாளிகளும் தின்று வளர்ந்தது இது.

ஆனால் கல்லூரி விடுதிக்குப் போன நம் பிள்ளைகள் இதை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். "எலி தின்கிறவன், பூச்சி தின்கிறவன்" என்ற ஏச்சு அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. தோழர்களே, இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

தமிழின் பழமையிலிருந்து வரவில்லை. புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டு வளத்தைச் சொல்லும்போது, செம்புற்று ஈசலைப் புளித்த மோரோடு சேர்த்த உணவைத்தான் காட்டுகிறார். அன்று அதன் பெயர் ஈயல். அகநானூற்றின் 394ஆம் பாடலில் வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈயலும் சேர்த்து ஆக்கிய புளிப்பான சுடுசோறு வருகிறது. தலைவனோடு வரும் இளைஞர்களுக்குப் படைக்கும் விருந்து அது. சங்க இலக்கியத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள், அந்த விருந்தை இன்றும் விடாமல் உண்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

சரி, பூச்சி என்பதுதான் அருவருப்பா? அப்படியானால் பட்டு எங்கிருந்து வந்தது? கூட்டுப்புழுவைக் கொன்று எடுத்த நூலில் நெய்த சேலைதான் சாமிக்கும் சாத்தப்படுகிறது, மணமேடையிலும் உடுத்தப்படுகிறது. தேன் தேனீயின் வயிற்றுப்பையிலிருந்து வருவது. அது அபிஷேகத்துக்கு ஆகிறது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்பு தரும் மெருகு, அரக்குப் பூச்சியின் சுரப்பு. இவை எதிலும் தீட்டு இல்லை. ஆக, பூச்சியைப் பார்த்து வந்ததல்ல இந்தத் தீட்டு. தின்கிறவரின் சாதியைப் பார்த்து வந்தது. உணவை வைத்து மனிதரைத் தீண்டத்தகாதவராக்கிய வரலாற்றை, 1948இல் வெளியான 'தீண்டப்படாதார்' நூலில் மாட்டிறைச்சியை முன்வைத்து அண்ணல் அம்பேத்கர் ஆராய்ந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியையும் வீசியெறியும் எச்சில் சோற்றையும் விட்டொழியுங்கள் என்று அழைத்தவரும் அவர்தானே? ஆம். செத்த மாட்டை இழுப்பது நம் மீது சுமத்தப்பட்ட சாதிக் கடமை; அந்த இறைச்சி அதன் கூலி. அதை மறுப்பது விடுதலை. ஈசலை யாரும் நமக்கு வீசியெறியவில்லை. மழையையும் மண்ணையும் புற்றையும் படித்த நம் பாட்டிமார், தங்கள் அறிவால் பிடித்த உணவு அது. திணிக்கப்பட்டதை உதறுவதும், நாமே தேடிக்கொண்டதைத் தலைநிமிர்ந்து உண்பதும் ஒரே சுயமரியாதையின் இரண்டு பக்கங்கள்.

உலகம் இப்போது வேறு பாட்டுப் பாடுகிறது. ஏறத்தாழ 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகள் உண்டு என்றும், 1,900க்கும் மேற்பட்ட இனங்கள் உண்ணப்படுகின்றன என்றும் 2013இல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு மதிப்பிட்டது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பழங்குடி மக்கள் செவ்வெறும்பில் அரைக்கும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பண்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பு மக்களுக்குத் தானாக வந்துவிடாது. பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பார்த்தே நாம் இதைக் கற்றிருக்கிறோம். காலணியாகிக் கப்பல் ஏறினால் தோல் அந்நியச் செலாவணி. அதைப் பதப்படுத்திய கை மட்டும் ஊருக்குள் தீட்டு.

ஆம்பூர் அதற்கு அண்மைச் சாட்சி. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்ததும், மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இது பாகுபாடு அல்லவா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டுக்கே மேடை இல்லாத இடத்தில் ஈசலுக்கு யார் இடம் தருவார்கள்?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். அவர்கள் இருளர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்! முதலாளியின் அனுமதி இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாதவர் எந்தப் புற்றைத் தேடிப் போவார்? உணவு உரிமை என்பது தட்டோடு முடிவதில்லை. நிலமும், நடமாடும் சுதந்திரமும், கடனில்லாக் கூலியும் சேர்ந்ததுதான் அது.

ஆகவே மாணவத் தோழர்களே, ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த மழைக்கு எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும், எப்படிப் பிடிப்பது, எப்படிப் பக்குவம் செய்வது என்று எழுதி வையுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு எழுதுங்கள். நாளை யாரோ இதைப் பொட்டலம் கட்டி விற்கும்போது, இந்த அறிவு யாருடையது என்று காட்ட நம் கையில் சான்று இருக்கட்டும். விடுதியில் யாராவது கேலி செய்தால், புறநானூறு 119ஐப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்!